மோட்டார்ப் பந்தயத்தில் ஒரு தமிழர் அரங்கேற்றம்

கூத்துக்கு அரங்கேற்றம் உண்டு. நூலுக்கும் அரங்கேற்றம் உண்டு. பல்லாண்டு மறைவிற் பயின்றதொன்றைப் பலர் கண்முன் முதன்முறை வைத்தலையே நம் முன்னோர் அரங்கேற்றம் என்றனர். மாதவி தன் ஆடலை அரங்கேற்றுமுன் ஏழாண்டு பயின்றாள் என்று சிலப்பதிகாரம் கூறும். நம் காலத்தில் தமிழர் ஒருவர் முற்றிலும் புதியதோர் அரங்கில் ஏறினார். அவர் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். அரங்கமோ, மோட்டார்ப் பந்தயங்களுள் தலையாயதாக உலகம் மதிக்கும் பார்முலா ஒன். 2005ஆம் ஆண்டு மார்ச் மாதம் 6ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் அவ்வரங்கேற்றம் நிகழ்ந்தது. அதற்குமுன் இந்தியர் எவரும் அப்பந்தயத்தில் வண்டி செலுத்தியதில்லை.

அன்று அவர் ஜோர்டன் குழுவின் மஞ்சள் வண்டியில், 12ஆம் இடத்தினின்று புறப்பட்டார். 15ஆம் இடத்தில் முடித்தார். வென்றவராகிய இத்தாலியர் பிசிகெல்லாவுக்கு இரண்டு சுற்றுப் பின்தங்கியே எல்லையைக் கடந்தார். பதினைந்தாமிடம் பெற்றவரைப் பாராட்டுதல் தகுமோ என வினவுவார் உளர். ஓட்டத்தின் முடிவை மட்டும் நோக்குவார்க்கு அவ்வினா நியாயமாகவே தோன்றும். ஓட்டத்திற்கு முந்தியதை நோக்குவார்க்கு அது தோன்றாது.

முந்தியது யாது? நரேனின் தந்தையார் ஜி. ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலிப் பந்தயங்களில் பலமுறை வாகை சூடியவர். மைந்தர் 1992இல் பிரான்சு தேசத்துப் பந்தயப் பள்ளியொன்றிற் சேர்ந்தார். 1994இல் இங்கிலாந்தின் பார்முலா போர்டு குளிர்காலப் போட்டியில் முதன்மை பெற்றார். 1996இல் பார்முலா ஆசியா பட்டத்தை வென்றார். பின்னர் இங்கிலாந்திலேயே பார்முலா மூன்றில் ஆண்டுக்கணக்காக உழைத்தார். 2001 ஜூன் 14ஆம் நாள் சில்வர்ஸ்டோன் களத்தில் ஜாகுவார் குழுவின் வண்டியைச் சோதனைக்காக ஓட்டி, பார்முலா ஒன் வண்டியைச் செலுத்திய முதல் இந்தியரானார். அதன்பின்னும் பந்தயத்தில் இடம் கிடைக்க நான்காண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. மாதவிக்கு ஏழாண்டு, இவர்க்குப் பதின்மூன்றாண்டு.

அவ்வாண்டிலேயே ஜூன் 19ஆம் நாள், அமெரிக்காவின் இண்டியானபோலிசில் அவர் நான்காமிடம் பெற்று ஐந்து புள்ளிகள் ஈட்டினார். இந்தியர் ஒருவர் பெற்ற முதற் புள்ளிகள் அவையே. எனினும் உண்மையை மறைத்தல் ஆகாது. அன்று ஓடியவை ஆறே வண்டிகள். அவ்வாண்டு விதிப்படி ஒரு பந்தயம் முழுவதையும் ஒரே தொகுதி டயர்களால் ஓடி முடிக்கவேண்டும். மிச்செலின் டயர்கள் அக்களத்தின் வளைவைத் தாங்கா என்று தெரியவே, அவற்றைப் பூண்ட வண்டிகளெல்லாம் ஒதுங்கிவிட்டன. ஆகவே, அணி நிரம்பிய களத்திற் பெற்ற பதினைந்தாமிடத்தினும் ஆறனுள் பெற்ற நான்காமிடம் பெரிதென்று கொள்வதற்கில்லை. எண் ஒருவரை முழுதும் அளந்து காட்டாது என்பதற்கு இவ்விரு பந்தயங்களுமே சான்று.

சென்னையைச் சார்ந்த கருண் சந்தோக்கின் கதையும் இதனையே கூறும். 2010 மார்ச் 14ஆம் நாள் பஹ்ரைனில் நிகழ்ந்த தம் முதற் பந்தயத்தின் தொடக்கத்திலேயே அவர் விபத்துற்று விலகினார். இரண்டு வாரங்கழித்து மெல்போர்னில் பந்தயத்தை முடித்து 14ஆம் இடம் பெற்றார். முதல்நாள் வீழ்ந்தவர் மறுமுறை எழுந்து முடித்தாரெனில், அதுவும் பயிற்சியின் பயனே.

நிற்க, இவை நமக்கு எற்றுக்கு எனின், கூறுதும்.

நாம் வாழும் வடசென்னை வண்டிகளின் நாடு. எண்ணூரில் அசோக் லேலண்டு லாரிகளும் பஸ்களும் உருவாயின. திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள்கள் பிறந்தன. எண்ணூர்த் துறைமுகத்தினின்று புதுக் கார்கள் கப்பலேறி அயல்நாடு செல்கின்றன. இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள தெருக்களில் எஞ்சினைப் பிரித்துப் பூட்ட அறியாத இளைஞரைக் காண்டல் அரிது. இவ்விளைஞர்க்கு வேகத்தின்மேல் ஆசை எழுவது இயல்பே. அவ்வாசைக்குக் களம் இன்மையின், அவர்கள் நள்ளிரவிற் கடற்கரைச் சாலையையே களமாக்கிக் கொள்கின்றனர். கன்டெயினர் லாரிகள் வரிசையாகச் செல்லும் அச்சாலையில், தலைக்கவசமும் இன்றி, இரண்டு லாரிகளுக்கு இடைப்பட்ட சந்தில் மோட்டார் சைக்கிளைச் செலுத்துதலை அவர்கள் வீரம் என்கின்றனர். விடியுமுன் ஏதோ ஒரு வீட்டின் கதவு தட்டப்படுகின்றது. அவ்வீட்டுத் தாயின் கூக்குரலைக் கேட்டார் பின்னர் அதனை வீரம் என்னார்.

பார்முலா ஒன் வண்டி மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேலும் ஓடும். ஆயினும் அங்கு எதிரே வண்டி வாராது. குறுக்கே குழந்தை ஓடாது. கொடிக்கு அடங்காதவன் தண்டிக்கப்படுவான். மருத்துவர் களத்தருகே காத்திருப்பர். ஓட்டுபவன் தன் உடலையும் உள்ளத்தையும் பல்லாண்டு அடக்கிப் பழகியவன். பந்தயத்தில் ஓடுவோனுக்கு வேண்டிய இச்சையடக்கத்தைப் பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தில் எடுத்துக் காட்டியுள்ளார். தேவாலயத்து உப்பரிகையினின்று குதிக்குமாறு சோதனைக்காரன் கூறியபோது நம் ஆண்டவர் அதனை மறுத்தார் என்பதையும் நாம் ஓதியுள்ளோம். குதித்தல் விசுவாசமும் அன்று, வீரமும் அன்று. நரேனைப் போற்றுவோர் பின்பற்ற வேண்டியது அவருடைய வேகத்தையன்று, அப்பதின்மூன்றாண்டை.

ஆயினும் இளைஞரை மட்டும் கடிந்து அமைதல் நீதியாகாது. வீரன் ஒருவன் உருவாதற்குப் பலர் தத்தம் கடனை ஆற்றவேண்டும் என்பது புறநானூற்றில் பொன்முடியார் கருத்து. தாய்க்கும் தந்தைக்கும் கடன் உண்டு. வேல் வடிக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் கடன் உண்டு. அவற்றிற்குப் பின்னரே போர்க்களத்துக் காளையின் கடன் வரும். நரேனுக்குத் தந்தையார் வழி காட்டினார். டாடா முதலிய நிறுவனங்கள் பொருளுதவி செய்தன. திருவொற்றியூரில் ஆட்டோ ஓட்டுபவரின் மகனுக்கு யார் உளர்? புதுவண்ணாரப்பேட்டையில் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளாகப் பிறந்த காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். கேரம் பலகை ஏழையின் வீட்டிலும் நுழையும். பந்தய வண்டி நுழையாது. எனவே ஆற்றல் நம் தெருக்களில் இல்லையென்று எவரும் கூறவியலாது, வாயிலே அடைபட்டுள்ளது.

இத்தனைக்கும் சென்னைப் பந்தயத்தின் பழைய களம் நம் வடதிசையிலேயே இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சோழவரம் விமான ஓடுதளத்திற் பல்லாண்டு பந்தயங்கள் நடந்தன. 1990இல் நகரின் மறுபுறத்து இருங்காட்டுக்கோட்டையிற் புதுக்களம் அமைந்தது. 2024 ஆகஸ்ட் இறுதியில் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரைக் கிலோமீட்டர் வீதிக்களம் அமைத்து அரசினர் இரவுப் பந்தயம் நடத்தினர். அவ்விளக்கொளி துறைமுகத்திற்கு அண்மையிலேயே எரிந்தது. ஆயினும் நம் இளைஞர் வேலிக்கு வெளியே நின்றே கண்டனர்.

ஆதலின் நாம் வேண்டுவன இரண்டு. அரசினர் வடசென்னையிற் சிறு கார்ட் வண்டிகள் ஓடும் களமொன்று அமைத்து, ஆசிரியரை நியமித்துக் குறைந்த கட்டணத்திற் பழக்குதல் ஒன்று. இப்பகுதித் தொழிற்சாலைகள், தொழிற்பயிற்சி நிலைய மாணவரைத் தேர்ந்தெடுத்துப் பந்தய வண்டிகளைச் செப்பனிடும் பணியிற் பயிற்றுதல் மற்றொன்று. ஒரு பந்தயத்தில் ஓட்டுபவன் ஒருவனே. அவன் வண்டியைச் செப்பஞ்செய்பவர் பலர். எல்லாரும் நரேன் ஆகார், பலர் கொல்லராவர்.

இது செல்வர் விளையாட்டு, பெட்ரோலை வீணே எரிப்பது, ஏழை நாட்டுக்கு ஏலாதது என்பாரும் உளர். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. குடிநீர்க் குழாய் வேண்டுமிடத்துப் பந்தயக்களம் கேட்டோமாயின் நாம் குற்றவாளிகளே. ஆனால் எரியும் பெட்ரோல் இப்போதும் சாலையில் எரிந்துகொண்டுதான் இருக்கின்றது. அதனோடு உயிரும் எரிகின்றது. ஒரு சிறு களத்தின் செலவையும் ஓர் இளைஞனின் சவப்பெட்டியையும் தராசில் வைத்துப் பார்ப்பார்க்கு எது கனக்கும் என்பது விளங்கும்.

2012ஆம் ஆண்டு நரேன் இறுதியாக ஓடியபின், இந்தியர் எவரும் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடவில்லை. அரங்கு வெறிதே கிடக்கின்றது. அடுத்து ஏறுபவன் எண்ணூர்ச் சாலையில் இன்றிரவு மாளாதிருக்கவேண்டும் என்பதே நம் கவலை. அண்ணன்மாராகிய நாம் நம் தெருவிலுள்ள தம்பியர்க்கு இதனை எடுத்துரைப்போமாக. உரைத்த வாயாலேயே அவர்க்குக் களம் வேண்டுமென்று பெரியோரிடமும் கேட்போமாக.