இளஞ்சிவப்பு பபிள்கம்மும் பூட்டிய ஆய்வுகூடமும்



சாதாரண தரப் பெறுபேறு வந்ததிலிருந்து வீட்டுக்கு வீடு ஒரே பேச்சு. பிள்ளைக்கு விஞ்ஞானப் பிரிவு கிடைக்குமா, இல்லாவிட்டால் வர்த்தகமா, கலையா? எந்தப் பிரிவும் குறைந்ததல்ல என்று கூட்டங்களில் பேசுவது ஆசிரியர்களாகிய நாங்கள். வர்த்தகப் பிரிவுப் பிள்ளை ஒன்று ஆய்வுகூட வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் "உனக்கு இங்க என்ன வேலை?" என்று விரட்டுவதும் நாங்கள்தான்.

அதனால்தான் இன்று பபிள்கம் பற்றி எழுதுகிறோம். சிரிக்க வேண்டாம்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஃப்ளீர் என்றொரு சுவிங்கம் கம்பனி இருந்தது. அதன் முதலாளி பிராங்க் ஃப்ளீர் 1906இல் ஊதக்கூடிய ஒரு சுவிங்கம் செய்து பார்த்தார். பெயர் பிளிபர்-பிளபர். ஊதியது வெடித்தால் முகத்தில் அப்பிக்கொள்ளும், இலகுவில் கழற்ற முடியாது. கடைக்கே வரவில்லை.

இருபது வருடத்துக்கு மேல் கழிந்து, 1928இல் அதைச் சரிப்படுத்தியவர் அந்தக் கம்பனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த இளைஞர் வோல்ட்டர் டீமர். அவர் இரசாயனவியலாளர் அல்ல. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் கலவைகளைக் கிண்டிப் பார்த்தார். மாதக்கணக்கில் சரிவரவில்லை. ஒருநாள் நன்றாக ஊதிய கலவை மறுநாள் ஊத மறுத்ததாம். கடைசியில் பிடிபட்டது. நிறம் சேர்க்கப் போனால் கைவசம் இருந்தது இளஞ்சிவப்பு மட்டும்தான். அதையே ஊற்றினார். இன்றைக்கும் பபிள்கம் என்றதும் அந்த நிறம் நினைவுக்கு வருவது அதனால்தான்!

1928 டிசம்பர் 26ஆம் திகதி 100 துண்டுகள் ஒரு கடைக்குப் போயின. துண்டு ஒரு சதம். அன்றைக்கே முடிந்துவிட்டது. 'டபிள் பபிள்' என்று பெயர் வைத்தார்கள். கடைக்காரருக்கு முன்னால் ஊதிக் காட்ட விற்பனையாளர்களைப் பழக்கியதும் டீமர்தான். காப்புரிமை எடுக்கவில்லை, மற்றக் கம்பனிகளும் செய்யத் தொடங்கின. அவர் அதே கம்பனியில் உபதலைவர் வரை உயர்ந்து 1970இல் ஓய்வு பெற்றார்.

இதைப் படித்துவிட்டு "முயன்றால் முடியும்" என்று வகுப்பறைச் சுவரில் எழுத வேண்டாம். முயன்றும் ஒன்றும் கிடைக்காதவர்கள் எத்தனையோ பேர். எங்கள் கண்ணில் பட்டது வேறு. கணக்கு எழுதுபவரைக் கலவை கிண்ட விட்டார்கள்.

எங்கள் பாடசாலைகளில் பதினாறு வயதில் ஒரு படிவம் நிரப்பியதும் கதவு மூடிவிடுகிறது. ஆசிரியர் கலாசாலையில் 'செய்து கற்றல்' பற்றிப் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தோம், பரீட்சையிலும் எழுதிச் சித்தியடைந்தோம். பாடசாலைக்கு வந்து முதலில் கற்றது, ஆய்வுகூடச் சாவி யாரிடம், உடைந்த குழாய்க்கு யார் பொறுப்பு என்பதைத்தான். பயத்திலும் நியாயம் இருக்கிறது. அமிலம் விளையாட்டுப் பொருளல்ல. ஆனால் சீனி, அப்பச்சோடா, தேசிக்காய்ப் புளி வைத்தே எவ்வளவோ செய்து பார்க்கலாமே.

பெற்றோரிடமும் பாடசாலை அபிவிருத்திக் குழுவில் இருப்போரிடமும் ஒரு கோரிக்கை. கிழமையில் ஒரு பின்னேரம் ஆய்வுகூடத்தைத் திறப்போம், எந்தப் பிரிவுப் பிள்ளையும் வரட்டும். மேற்பார்வைக்கு நாங்கள் முறை வைத்து நிற்கத் தயார். உடையும் சாமானுக்குப் பழைய மாணவர்கள் கொஞ்சம் கைகொடுத்தால் போதும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதை நீங்களே கேளுங்கள். நாங்கள் கேட்டால் "பார்ப்போம்" என்பார்கள். வாப்பாமாரும் உம்மாமாரும் எழும்பிக் கேட்டால் அதிபர் கூட்டக் குறிப்பில் எழுதியே ஆக வேண்டும்.