கூட்டாதே

எலி புகுந்த அறையா? ‘கூப்பிடு அவளை, கூட்டித் தள்ளச் சொல்லு.’ எந்த ஆபீசிலும் இதுதான் உத்தரவு. ‘அவள்’ எந்தத் தெரு என்று தோழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கூட்டுவதில்தான் சாவு இருக்கிறது. காய்ந்த புழுக்கையும் மூத்திரமும் தூசாகிப் பறந்து மூச்சில் ஏறும். ஹன்டா வைரஸ் பரவுவது அப்படித்தான். 2012இல் அமெரிக்காவின் யோசமிட்டி பூங்காவுக்குப் போன பத்துப் பேருக்கு வந்தது, மூன்று பேர் செத்தார்கள். எலி குடியிருந்த 91 கூடார அறைகளை இழுத்து மூடினார்கள். செத்தது காசு கொடுத்த விருந்தாளியாச்சே! அமெரிக்கச் சீக்கு என்று ஒதுக்கவும் முடியாது: 1964இல் வேலூர் தோட்டப்பாளையத்தில் மூஞ்சூறிடம் பிரித்தெடுத்த வைரசும் இந்த இனம்தான். வெறுங்காலின் வெடிப்பில் நுழையும் எலிக்காய்ச்சல் தனி.

செய்யவேண்டியது இவ்வளவுதான்: கதவு ஜன்னலைத் திறந்துபோட்டு அரைமணி வெளியே நில். ரப்பர் கையுறை போடு. துடைப்பத்தைத் தொடாதே. ஒரு பங்கு ப்ளீச், ஒன்பது பங்கு தண்ணீர். சொதசொதன்னு நனைத்து, ஐந்து நிமிஷம் ஊறவிட்டு, காகிதத்தால் வழித்தெடு. ‘இதுக்கெல்லாம் பட்ஜெட் இல்லப்பா’ என்கிறார்கள். நான் வேலைபார்க்கும் வங்கியில் சில்லறைச் செலவு வவுச்சர்கள் என் மேசைக்குத்தான் வரும். ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை மாலை, அதிகாரி வந்தால் முந்திரி. கையுறைக்கு இதுவரை ஒன்றும் வரவில்லை.