விலை குறையேல்லை, படித்திறன்தான் குறைஞ்சது

2023 கடைசியில் எங்கட விடுதிக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரருக்கு நாங்கள் ஒரு அநியாயம் செய்தோம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்ரெம்பரில் 69.8 சதவீதமாக இருந்த பணவீக்கம், 2023 செப்ரெம்பரில் 1.3 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது எண்டு செய்தி வந்திருந்தது. "பிறகேன் அண்ணை உங்கட ரோல்ஸ் விலை மட்டும் இறங்கேல்லை?" எண்டு கேட்டோம். அவர் மா விலை, காஸ் விலை, கறண்ட் பில் எண்டு சொல்லிப் பார்த்தார். நாங்கள் நம்பவில்லை. கொள்ளையடிக்கிறார் எண்டு விடுதி வட்ஸப் குழுவில் எழுதினோம். ரெண்டு கிழமை அந்தப் பக்கம் போகவுமில்லை.

பிழை எங்கட. அது விளங்கினது, இணைந்த கணிதம் படித்த ஒரு நண்பர் பழைய போட்டோக்கொப்பித் தாளின் பின்பக்கத்தில் ரெண்டு வரைபு கீறிக் காட்டினபோதுதான். மேல ஒண்டு, கீழ ஒண்டு.

மேல இருப்பது விலை. 2021 செப்ரெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கின சாமான் 2022 செப்ரெம்பரில் ஏறத்தாழ 170. அடுத்த வருசம் 172. கீழ இருப்பது அந்தக் கோட்டின் பெறுதி. அதாவது மேல்கோடு ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு சரிஞ்சு நிக்குது எண்ட கணக்கு. அதைக் கீற சூத்திரம் ஒண்டும் தேவையில்லை. ஒரு பேனையை மேல்கோட்டில் தொடலி மாதிரி வைத்து, இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்த வேண்டும். பேனை மேல்நோக்கிச் சரிந்தால் கீழ்வரைபு கிடையச்சுக்கு மேலே. கீழ்நோக்கிச் சரிந்தால் அச்சுக்குக் கீழே. பேனை தட்டையாகப் படுத்தால் அந்த இடத்தில் பூச்சியம். மேல்கோடு ஆகச் செங்குத்தாக ஏறுற இடத்தில்தான் கீழ்க்கோட்டின் உச்சி வரும்.

இப்ப பாருங்கோ. மேல்கோடு 170க்கு ஏறிப்போய் அங்கேயே தட்டையாக நிக்குது. கீழ்க்கோடோ மலை மாதிரி ஏறி, தடாலெண்டு விழுந்து பூச்சியத்துக்குக் கிட்ட வருது. செய்தியில் வந்தது கீழ்க்கோடு. நாங்கள் அதை மேல்கோடு எண்டு வாசித்து ஒரு மனுசனைக் கள்ளனாக்கினோம். (வருடப் பணவீக்கம் அச்சொட்டாகப் பெறுதி இல்லை, பன்னிரண்டு மாத இடைவெளியில் எடுத்த சதவீத மாற்றம் எண்டு நண்பர் சண்டைக்கு வருவார். சரி, ஒத்துக்கொள்கிறோம். குணம் ஒண்டுதான்.)

கலைப்பீடம் எண்டபடியால்தான் எங்களுக்கு இது தெரியேல்லை எண்டு சிரிக்க வேண்டாம். சாதாரண தரத்தில் நேர்கோட்டின் படித்திறனோடு எங்கட கதை முடியுது. பெறுதி பெரும்பாலும் உயர்தரத்தில் கணிதப் பக்கம் போறவைக்குத்தான். அவைக்கும் அது சூத்திரமாகத்தான் போய்ச் சேருது. சமன்பாட்டைக் குடுத்தால் அரை நிமிசத்தில் வகையிடுகிற நண்பர்களிடம், சமன்பாடே இல்லாத ஒரு வளைகோட்டைக் குடுத்துப் பார்த்தோம். மேல்கோடு உயர்ந்த இடத்தில் கீழ்க்கோட்டையும் உயர்த்திக் கீறினவை ரெண்டு பேர். நாங்கள் கடையில் விட்ட அதே பிழை!

ஆகவே எங்கட கருத்து இதுதான்: இந்தக் கீறலைச் சாதாரண தரத்திலேயே எல்லாருக்கும் காட்ட வேண்டும், சமன்பாடு இல்லாமல். கணக்கெண்டாலே பயப்படுகிற பிள்ளைக்கு இன்னொரு சுமையா எண்டு கேட்பினம். இது கணக்குச் செய்யிறதை விட வாசிக்கிறதுக்குக் கிட்டவான வேலை. பேனையும் கண்ணும் போதும், ரெண்டு பாடவேளைக்குள் முடியும்.

இன்னொண்டும் அதில் விளங்கும். கீழ்க்கோட்டை மட்டும் குடுத்தால் மேல்கோட்டின் வடிவத்தைத் திருப்பிக் கீறலாம். ஆனால் அது எந்த உயரத்தில் நிக்குது எண்டு சொல்ல முடியாது. தொடங்கின இடம் கீழ்க்கோட்டில் இல்லை. பணவீக்க வரைபை மட்டும் பார்த்து நிம்மதி அடையிறவை மறக்கிறது இதைத்தான். 2024 செப்ரெம்பரில் அது அச்சுக்குக் கீழேயும் போனது, 0.5 சதவீதம். அப்ப விலை உண்மையாகவே குறைஞ்சதுதான். 172 கிட்டத்தட்ட 171 ஆனது.

பிறகு நாங்களே பழகிப் பார்க்க மகாபொலவைக் கீறினோம். நெருக்கடி தொடங்க முதலும் மாதம் 5000, விலை 170 ஆனபோதும் 5000. நல்ல தட்டைக்கோடு, பெறுதி முழுக்கப் பூச்சியம். 2025 பாதீட்டில் 7500 எண்டு ஒரே பாய்ச்சல். பாயிற இடத்தில் பெறுதியே இல்லையாம், நண்பர் சொன்னார். 5000ஐ 100 எண்டு எடுத்தால் 7500 எண்டது 150. விலைக்கோடு 170ஐத் தொட்டு அப்ப ரெண்டரை வருசம்.

அந்தத் தாளைக் கடைக்கார அண்ணைக்கும் கொண்டுபோய்க் காட்டினோம். தட்டையான இடத்தில் விரலை வைத்து, "இதைத்தானே தம்பி நான் அண்டைக்குச் சொன்னனான்" எண்டார். ரோல்ஸுக்கு அதே விலைதான் எடுத்தார்.