அம்மா எப்போது உட்காருவார்?

பண்டிகை என்றதும் உங்களுக்கு முதலில் எது ஞாபகம் வரும்? எனக்கு, எல்லோரும் கை கழுவிய பிறகு ஆறிப்போன சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு அடுப்படித் தரையில் உட்காரும் அம்மாதான். இது நம் வீடுகளின் கதை மட்டும் என்று நினைத்திருந்தேன். இஸ்ரேலில், ஹைஃபா நகரில் இருக்கும் என் யூதத் தோழி தன் வீட்டு பஸ்கா விருந்தைப் பற்றிச் சொன்ன பிறகுதான், அடுப்படிகள் எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்று புரிந்தது.

பஸ்கா, யூதர்களின் வசந்தகாலப் பண்டிகை. எபிரேய மொழியில் பெசாக். எகிப்தில் அடிமைகளாக இருந்த முன்னோர்கள் விடுதலை பெற்றதை நினைத்துக் கொண்டாடுகிறார்கள். இஸ்ரேலில் ஏழு நாள், வெளிநாடுகளில் பெரும்பாலும் எட்டு நாள். முதல் நாள் இரவு மொத்தக் குடும்பமும் ஒரே மேஜையில் கூடும். அந்த விருந்துக்கு சேடர் என்று பெயர். சேடர் என்றால் ஒழுங்கு, வரிசை. பெயருக்கு ஏற்றபடி மொத்தம் 15 படிகள். சாப்பாடு வருவது 11-வது படியில்தான்! அதுவரை ஹகாதா என்ற புத்தகத்தை வைத்துக்கொண்டு விடுதலைக் கதையை வாசிப்பார்கள், பாடுவார்கள், கேள்வி கேட்பார்கள். இந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து எப்படி மாறுபடுகிறது என்று வீட்டின் கடைக்குட்டி கேட்பது வழக்கம்.

அதுவரை மாமியார் வீட்டில் நடந்துவந்த சேடரை தோழி முதன்முதலாகத் தன் வீட்டில் நடத்திய வருடம் அது. 16 பேர். அவளுடைய ஆறு வயது மகள் வழக்கமான கேள்விகளைப் பாடி முடித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். குழந்தை அதோடு நிறுத்தவில்லை. "மத்த ராத்திரியெல்லாம் அம்மா உட்கார மாட்டாங்க. இன்னைக்கும் உட்காரலையே, அப்புறம் என்ன வித்தியாசம்?" என்றாள்.

மேஜையே சிரித்தது. தோழி மட்டும் சூப் கரண்டியோடு அடுப்படிக்குப் போய், யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் அழுததில் நியாயம் இருக்கிறது. பஸ்கா வேலை சாதாரண வேலை இல்லை. கோதுமை, பார்லி, ஓட்ஸ் போன்ற ஐந்து தானியங்களில் புளித்துப்போன எதுவும் அந்த நாட்களில் வீட்டில் இருக்கக் கூடாது. ரொட்டி, பிஸ்கட், நூடுல்ஸ், பீர் எல்லாம் அவுட். சோபா இடுக்கில் கிடக்கும் பிஸ்கட் துகளைக்கூட விடாமல், வாரக்கணக்கில் வீட்டைத் துடைப்பார்கள். பஸ்காவுக்கென்று தனிப் பாத்திரங்கள் பரணிலிருந்து இறங்கும். மாவில் தண்ணீர் பட்டு 18 நிமிடம் சும்மா கிடந்தால் புளித்ததாகக் கணக்கு. அதனால் 18 நிமிடத்துக்குள் பிசைந்து சுட்டெடுக்கும் மட்ஸா என்ற புளிப்பில்லா அப்பம்தான் அந்த வாரம் முழுக்க ரொட்டிக்குப் பதில்.

இதில் அரிசிச் சிக்கல் வேறு! போலந்து, ரஷ்யா பக்கத்து வழிவந்த யூதர்களின் மரபில் பஸ்காவில் அரிசி, பருப்பு, சோளம் கிடையாது. ஈராக் பக்கத்து வீடுகள் பலவற்றில் அரிசி உண்டு. ஆனால் கோதுமை மணி ஒன்றுகூடக் கலந்துவிடாமல் மூன்று தடவை பொறுக்கிவிட்டுத்தான் சமைப்பார்கள். நம் பக்கத்துக் கொச்சி யூதர்களும் பஸ்காவில் அரிசி சாப்பிடுகிறவர்கள்தான். தோழி பிறந்தது ஈராக் வழிக் குடும்பம், புகுந்தது போலந்து வழிக் குடும்பம். "பஸ்கா வந்தா அம்மா வீட்டு சோறுதான் ஞாபகம் வரும்" என்பாள். நமக்குப் புரியாதா என்ன!

அந்த வருடம் பண்டிகை முடிந்ததும் அவள் ஹகாதாவைத் திரும்ப எடுத்து நிதானமாகப் படித்தாள். விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டாள். சேடரில் நான்கு கோப்பை திராட்சை ரசம் குடிப்பது கடமை. அந்தக் கடமை பெண்களுக்கும் உண்டு, விடுதலை அவர்களுக்கும் சேர்த்துத்தானே கிடைத்தது என்று தல்மூத் நூலே சொல்கிறதாம். சுதந்திர மனிதர்களைப் போல இடப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்து குடிக்க வேண்டும். கணவர் பக்கத்தில் இருக்கும் மனைவி சாய வேண்டியதில்லை, முக்கியமான பெண் என்றால் சாய வேண்டும் என்று பழைய விதி. இடைக்கால அறிஞர்கள் அதற்கு ஓர் அழகான விளக்கம் எழுதினார்கள்: நம் பெண்கள் எல்லோருமே முக்கியமானவர்கள்தான்.

"அப்போ நான் உட்காராம பரிமாறினா, சேடரையே சரியா செய்யலைன்னுதானே அர்த்தம்?" என்றாள் தோழி. அடுத்த வருடம் மெனுவை அவள் எழுதத் தொடங்கியது, 'நான் எப்போது உட்கார வேண்டும்' என்பதிலிருந்து. அங்கிருந்து பின்னோக்கி நாட்களைப் பிரித்தாள். அந்த அட்டவணை இதோ:

நான்கு வாரம் முன்பு: புதிதாக மாவு, பாஸ்தா வாங்குவதை நிறுத்திவிட்டு, இருப்பதைச் சமைத்துக் காலி செய்வது. யார் என்ன கொண்டுவருவார்கள் என்று அப்போதே பேசிவிடுவது.

ஒரு வாரம் முன்பு: படுக்கையறை, ஹால் எல்லாம் முடித்துக் கடைசியாக அடுப்படியைச் சுத்தம் செய்வது. அதன் பிறகு அங்கே ரொட்டி நுழையக் கூடாது.

மூன்று நாள் முன்பு: சிக்கன் சூப் வைத்து ஃப்ரீசரில் வைப்பது.

இரண்டு நாள் முன்பு: உலர்ந்த பிளம்ஸ் போட்டு மெதுவாக வேகும் கோழிக்கறி. மறுநாள் சூடாக்கினால்தான் இதற்கு ருசியே கூடும். இறைச்சியோடு பால் பொருள் சேர்க்கக் கூடாது என்பதால், கேக் வெண்ணெய் இல்லாமல், பாதாம் பொடியும் முட்டையும் சேர்த்து.

முந்தின நாள்: ஹரோசெட். அடிமைகள் கட்டடம் கட்டிய சாந்தை நினைவூட்டும் இனிப்பு விழுது இது. கணவர் வீட்டு முறையில் ஆப்பிள், வால்நட், பட்டைப்பொடி. அம்மா வீட்டு முறையில் பேரீச்சம்பழப் பாகும் வால்நட்டும். மேஜையில் இரண்டும் இருக்கும்.

அன்று: பலரும் கோட்டை விடுவது மதியச் சாப்பாட்டில். காலையிலேயே ரொட்டி சாப்பிடும் நேரம் முடிந்துவிடும். மட்ஸாவையும் இரவுவரை தொடக் கூடாது. எனவே உருளைக்கிழங்கும் முட்டையும் நிறைய வேகவைத்துவிடுவாள். குழந்தைகளுக்கு மதியத்துக்கும் ஆச்சு, ராத்திரி உப்புத் தண்ணீரோடு பரிமாறவும் ஆச்சு.

பண்டிகை தொடங்கிவிட்டால் புதிதாக நெருப்பு மூட்டக் கூடாது. சூரியன் மறையும் முன்பே சூடேற்றும் தட்டைப் போட்டு, பாத்திரங்களை அதன்மேல் வைத்துவிடுவாள். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தாலும் கெடாத பண்டங்கள் மட்டுமே மெனுவில். பொரியல், வறுவல் கிடையாது.

அவள் சொன்ன மட்ஸா உருண்டை சூப்

முட்டை 4, மட்ஸா பொடி 1 கப், எண்ணெய் கால் கப், சூப் அல்லது தண்ணீர் கால் கப், உப்பு, மிளகுத்தூள்.

முட்டையை அடித்து, எண்ணெயும் சூப்பும் கலந்து, பொடியைச் சேர்த்துக் கிளறுங்கள். மூடி, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். கையை நனைத்துக்கொண்டு, பெரிய நெல்லிக்காய் அளவு உருட்டுங்கள். அழுத்திப் பிடிக்க வேண்டாம், கல்லாகிவிடும். கொதிக்கும் உப்புத் தண்ணீரில் போட்டு, மூடியைத் திறக்காமல், சின்னத் தீயில் 30 முதல் 40 நிமிடம். நன்றாக உப்பிவரும். எடுத்து சூடான சிக்கன் சூப்பில் போட்டுப் பரிமாறுங்கள். சைவம் என்றால் கேரட், செலரி, வெங்காயம் போட்ட காய்கறி சூப்.

சரி, அந்த இரண்டாவது வருடம் என்ன ஆச்சு?

தோழி கதவுப் பக்கம் இல்லாமல், மேஜையின் நடுவில் தலையணை வைத்து உட்கார்ந்தாள். 11-வது படி வந்ததும் கணவர் எழுந்து சூப் ஊற்றினார். மகன் தட்டு எடுத்தான். மாமனார் உப்பு கேட்டபோது இவள் அனிச்சையாக எழப் பார்த்திருக்கிறாள். மகள்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தாளாம்.

"கோழி கொஞ்சம் காய்ஞ்சு போச்சு. கேக் ஒரு பக்கம் சரிஞ்சு போச்சு. ஆனா பல வருஷத்துல முதல் தடவையா கதையை முழுசா கேட்டேன்" என்றாள். மகள் அந்த வருடம் அந்தக் கூடுதல் கேள்வியைக் கேட்கவில்லை.

உங்கள் வீட்டு அடுத்த பண்டிகைக்கும் மெனு எழுதப் போகிறீர்கள்தானே? பாயசமா, வடையா என்று யோசிக்கும் முன், சீட்டின் முதல் வரியில் உங்கள் பெயரை எழுதி, எத்தனை மணிக்கு இலையில் உட்காரப் போகிறீர்கள் என்று குறித்துவிடுங்கள். அதற்குள் முடியாத பண்டம் எதுவோ, அதை அடித்துவிடுங்கள். பண்டிகைக்கு ஒன்றும் குறைந்துவிடாது.