விண்ணிலும் ஒரு மாவு மில்

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையை அடுத்த ஒரு மாவு மில்லில், மிளகாய் அரைக்கக் காத்திருந்தோம். மோட்டார் ஓடத் தொடங்கியதும், மேசைமேல் இருந்த குவளைத் தண்ணீரில் வளையம் வளையமாக அலை எழுந்தது. காரணம் வினவினோம். "சக்கரம் ஒரு பக்கம் கனத்துப்போச்சுங்க. அதைச் சரிபண்ணி, அடியிலே ரப்பர் வச்சா அடங்கிடும்" என்றார் மில்காரர்.

இதே தொல்லை விண்ணிலும் உண்டு. செயற்கைக்கோளின் உள்ளே சில சக்கரங்கள் சுழல்கின்றன. சக்கரம் ஒரு திசையில் விரைவு கூட்டினால், கோள் எதிர்த்திசையில் மெல்லத் திரும்பும். பற்றிக்கொள்ள ஏதுமற்ற வெளியில், எரிபொருளைச் செலவிடாமல், சூரிய ஒளி தரும் மின்சாரத்தாலேயே கோளைத் திருப்பும் வழி இது. நம் நாட்டுக் கோள்களுக்கான இச்சக்கரங்கள், திருவனந்தபுரத்திலுள்ள இஸ்ரோவின் நிலைம அமைப்புகள் பிரிவில் உருவாகின்றன.

ஆனால், திருப்புகின்ற சக்கரமே கோளை நடுங்கவும் வைக்கிறது. எவ்வளவு நுட்பமாகக் கடைந்தாலும் சக்கரத்தில் இம்மியளவு எடை வேறுபாடு எஞ்சிவிடும். சுழலும் வேகம் இரு மடங்கானால், அதனால் எழும் விசை நான்கு மடங்காகும். பேரிங்குகளில் உள்ள சிறு மேடுபள்ளங்களும் தம் பங்கைச் சேர்க்கின்றன.

இச்சிறு நடுக்கத்தையும் பொறுக்க இயலாது. 2019 நவம்பர் 27 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட கார்ட்டோசாட்-3, 509 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 25 சென்டிமீட்டர் நுட்பத்துடன் தரையைப் படம்பிடிக்க அமைக்கப்பட்டது. ஒரு பாகையை ஏறத்தாழ 36,000 கூறாக்கினால், அதில் ஒரு கூறளவு பார்வை சாய்ந்தாலே, அது நோக்கும் இடம் தரையில் 25 சென்டிமீட்டர் விலகிவிடும். படமெடுக்கும் கணத்தில் அவ்வாறு அசைந்தால் படம் கலங்கும்.

தீர்வோ, மில்காரர் சொன்னதேதான். முதலில், சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து, கனத்த இடத்தில் துளி உலோகத்தைக் குறைத்துச் சமன்செய்கின்றனர். பின்னர், சக்கரத்துக்கும் கோளின் உடலுக்கும் இடையே அதிர்வு தாங்கிகளைப் பொருத்துகின்றனர். 1990இல் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் சக்கரங்கள் இத்தகைய தாங்கிகளின்மேல் அமைந்தவை. இத்தாங்கி விரைவான நடுக்கத்தைத் தடுக்கவேண்டும். மெல்லத் திருப்பும் விசையையோ தடையின்றி விடவேண்டும். மிக மென்மையாயின், ராக்கெட் கிளம்பும்போதே குலுக்கலில் முறிந்துபோகும்.

இன்னொரு வழியும் உண்டு. ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளினால் சிறு கையும் உயரே வீசிவிடுமன்றோ? அதுபோல், கோளின் உடல் இயல்பாக அதிரும் கதியோடு ஒத்துப்போகும் வேகங்களில் சக்கரம் நில்லாதபடி பார்த்துக்கொள்கின்றனர்.

குற்றத்தை இயன்றவரை களைதல், எஞ்சியதைத் தாங்கி அடக்குதல். மிளகாய் அரைக்கப் போன இடத்தில் நாம் கற்ற பாடம் இது.