எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது

மென்பொருள் துறையில் நாலு வருடம் குப்பை கொட்டிய எவருக்கும் இந்த வாக்கியம் தெரிந்திருக்கும். "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு." நெட்வொர்க் குழு சொல்லும், டேட்டாபேஸ் குழு சொல்லும், கிளவுட் விற்றவன் கண்டிப்பாகச் சொல்வான். பிரச்சினை இல்லை என்பது இதன் பொருள் அல்ல. பிரச்சினை இனிமேல் என்னுடையது இல்லை என்பதுதான் பொருள். சம்பளம் வாங்கும் பெரியவர்கள் ஒருவருக்கொருவர் இதைச் சொல்லிக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பதினாறு வயதுப் பிள்ளைகள் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து கட்டிய ரோபோ மைதானத்தின் நடுவே செத்துக் கிடக்கும்போது, அதே வாக்கியத்தை ஒரு பெரியவர் அவர்களிடம் சொல்லிவிட்டு நகர்ந்துபோவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் சொல்வது அமெரிக்காவில் நடக்கும் ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியைப் பற்றி. டீன் கேமன் 1989இல் தொடங்கிய அமைப்பு, 1992இல் முதல் போட்டி. ஒவ்வொரு ஜனவரியும் ஒரு புதிய விளையாட்டை அறிவிப்பார்கள். ஓரிரு மாதத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஐம்பது கிலோவைத் தொடும் ஒரு ரோபோவைக் கட்டி, நிரல் எழுதி, களத்துக்குக் கொண்டுவர வேண்டும். மூன்று ரோபோ ஒரு பக்கம், மூன்று எதிர்ப்பக்கம். பல வருடங்களாக ஆட்டம் மொத்தமே இரண்டரை நிமிடமாகத்தான் இருந்தது: முதல் 15 நொடி ரோபோ தானாக ஓடியது, மீதி நேரம் பிள்ளைகள் ஓட்டினார்கள். நான் இருக்கும் மிச்சிகனில்தான் அணிகள் அதிகம். மாவட்ட அளவிலான போட்டி ஒன்றில் ஒரு அணிக்கு 12 தகுதி ஆட்டம். மூன்று சீசனாக அங்கே தன்னார்வலராகப் போகிறேன். என் வேலை பிட்டில், அதாவது அணிகள் ரோபோவைப் பழுதுபார்க்கும் கூடத்தில், கட்டுப்பாட்டு அமைப்பு சம்பந்தமான சிக்கல்களுக்கு உதவுவது. சிஎஸ்ஏ என்பார்கள். களத்தருகே நிற்பவர் எஃப்டிஏ, களத்தின் தொழில்நுட்ப ஆலோசகர். ரோபோவுக்கும் களத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்ப்பவர் அவர்.

அவர் முன்னால் ஒரு திரை இருக்கிறது. ஆறு ரோபோவுக்கும் ஆறு வரிசை. ஓட்டுநர் மேசையின் மடிக்கணினி களத்தோடு இணைந்திருக்கிறதா, ரேடியோ தெரிகிறதா, ரோபோவின் கணினி பதில் சொல்கிறதா, பேட்டரி எத்தனை வோல்ட், பாக்கெட் எத்தனை தொலைந்தது, போய்வர எத்தனை மில்லிநொடி, எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு ரோபோ நின்றால் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தது என்பதை அந்தத் திரை அந்த நொடியிலேயே காட்டிவிடும். அறுந்ததற்கான காரணம் தெரியாமல் போகலாம், இடம் தெரிந்துவிடும். இரண்டும் வேறு வேறு என்று பிழை திருத்திப் பிழைக்கும் நமக்குத் தெரியும். இடம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

போன சீசனுக்கு முந்தினதில் ஒரு புது அணி வந்திருந்தது. சின்ன ஊர், வழிகாட்டி ஒரு வரலாற்று ஆசிரியர். பொறியாளர் யாரும் இல்லை. அவர்கள் ரோபோ ஆட்டத்தின் நடுவில் யார் மேலாவது மோதினால் நின்றுவிடும். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் உயிர் வரும். ஓட்டிய பெண் எஃப்டிஏவிடம் போய், "எங்க ரோபோ ஏன் நின்னுச்சு?" என்று கேட்டிருக்கிறாள். பதில்: களத்தில் கோளாறு இல்லை, உங்கள் ரோபோதான், பேட்டரியைப் பாருங்கள். பேட்டரியை மாற்றினார்கள். அடுத்த ஆட்டத்திலும் நின்றது. இன்னொரு பேட்டரி. மூன்றாவது ஆட்டத்துக்கு வேறு அணியிடம் கடன் வாங்கிய பேட்டரி. அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார்கள். மடிக்கணினியிலேயே ஆட்டத்தின் பதிவு சேமிக்கப்பட்டிருக்கும் என்பதே அவர்களுக்குத் தெரியாது. திறந்து பார்த்தோம். வோல்ட்டேஜ் கோடு நன்றாகத்தான் இருந்தது. பேட்டரி பிரச்சினை என்றால் கோடு சரிந்திருக்கும். ஆறுக்கும் ஏழுக்கும் இடையே எங்கேயோ இறங்கியதும் ரோபோவின் கணினி மோட்டார்களை நிறுத்திவிடும், ஆனால் தொடர்பு சட்டென்று அறுந்துபோகாது. இங்கே ஒரே நொடியில் எல்லாமே காணாமல் போயிருந்தது. ரேடியோவுக்கு மின்சாரம் கொடுக்கும் பிளக்கைத் தொட்டேன். ஆடியது. மோதும்போது மின்சாரம் விட்டுப்போகிறது, ரேடியோ அணைகிறது, மறுபடி எழுந்து களத்தைக் கண்டுபிடிப்பதற்குள் ஆட்டத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது. பிளக்கை இறுக்கி, ஒரு கேபிள் டை போட்டு, கொஞ்சம் சுடுபசை வைத்தோம். அதன்பின் நிற்கவில்லை.

எஃப்டிஏ சொன்னது பொய்யா? இல்லை. களம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவர் திரையில் ரேடியோ என்ற கட்டம் சிவந்திருந்தது. "ரேடியோ போச்சு" என்ற ரெண்டே வார்த்தை. அது அந்தப் பெண்ணின் கைக்கு வந்திருந்தால் மூன்று ஆட்டம் மிச்சம். பன்னிரண்டில் மூன்று.

அதே நாள், அதே எஃப்டிஏ. பெயர்பெற்ற அணி ஒன்றின் ரோபோவும் ஒரு ஆட்டத்தில் நின்றது. வாகன நிறுவனப் பொறியாளர்கள் நாலைந்து பேர் வழிகாட்டிகளாக இருக்கிற அணி. அதன் மாணவன் வந்து, எத்தனையாவது நொடியில் போனது, ரேடியோவா கணினியா, அதற்கு முன் பாக்கெட் தொலைந்ததா என்று கேட்டான். எஃப்டிஏ திரையை அவன் பக்கம் திருப்பிவிட்டார். ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்தார்கள். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. சரியான கேள்வி வந்ததும் அவருக்கு உற்சாகமே வந்துவிட்டது. என் கோபம் இந்த ஏற்பாட்டின் மேல்தான். கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரிந்தவனுக்கு மட்டும் விடை கிடைக்கும் என்றால், உதவி ஏற்கெனவே உதவி உள்ளவனிடம்தான் போய்ச் சேரும். பொறியாளர்களே இல்லாத பள்ளிகளுக்குப் பொறியியலைக் கொண்டுபோகிறோம் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு இயக்கத்தில் இது நடக்கலாமா?

நம்மூரில் பொறியியல் படித்தவர்களுக்கு லேப் பரீட்சை நினைவிருக்கும். அவுட்புட் வரவில்லை என்றால் எக்ஸ்டர்னல் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார், "நெக்ஸ்ட்." மீட்டர் பழுதா, பிரெட்போர்டு பழுதா, நம் வயரிங் பழுதா என்று கேட்க வாயைத் திறந்தால் மதிப்பெண் போகும். அதிலிருந்து தப்பித்து வந்து இன்னொரு கண்டத்தில் அதே "நெக்ஸ்ட்"டைக் கேட்கிறேன். புன்னகையோடு சொல்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். முதலாவது, நேரம் இல்லை. ஒரு ஆட்டம் முடிந்தால் அடுத்த ஆறு ரோபோ வரிசையில் நிற்கிறது, எஃப்டிஏ காலையிலிருந்து உட்காரவில்லை, அவரும் பெரும்பாலும் காசு வாங்காத தன்னார்வலர். எல்லாம் உண்மை. ஆனால் நான் விரிவுரை கேட்கவில்லை. ஏற்கெனவே திரையில் இருக்கும் ஒரு வரியைக் கேட்கிறேன்.

இரண்டாவது, நிஜ உலகம் இப்படித்தான், பிள்ளைகள் தோல்வியைப் பழகட்டும். இதைச் சொல்பவர்கள் எந்த நிஜ உலகில் வேலை பார்க்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. என் அலுவலகத்தில் ஒரு சர்வர் பத்து நிமிடம் படுத்தால் எந்த நேரம், எந்த இணைப்பு, ஏன் என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தப் போட்டியின் தாரக மந்திரமான 'கிரேஷியஸ் புரொஃபஷனலிசம்' என்ற சொல்லைக் கொடுத்தவர் எம்ஐடி பேராசிரியர் வுடி ஃபிளவர்ஸ். பண்பு, தொழில்நேர்மை இரண்டும் சேர்ந்த சொல் அது. இப்போது யாராவது பிள்ளை திரும்ப ஒருமுறை கேட்டால், பண்பாக நடந்துகொள் என்று முதல் பாதியை மட்டும் நினைவூட்டுகிறார்கள்.

இந்த அமைப்புக்கு இதெல்லாம் தெரியாததும் இல்லை. 2012இல் செயிண்ட் லூயிஸில் நடந்த உலகப் போட்டியின் இறுதிச் சுற்றில், ஐன்ஸ்டீன் என்று பெயரிட்ட களத்தில், ரோபோக்கள் வரிசையாக நின்றன. அன்று "எங்க பக்கம் சரி" என்று முடித்துக்கொள்ளவில்லை. இறுதிச் சுற்று அணிகளை ரோபோக்களோடு தலைமையகத்துக்கு வரவழைத்துச் சோதித்தார்கள். ஜூலையில் அறிக்கை வெளியிட்டார்கள். ஒருவர் கைப்பேசி மூலம் ரோபோக்களின் வைஃபை தொடர்பை வேண்டுமென்றே குலைத்திருந்தார் என்பது அதில் வந்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப்படுவது, எல்லாவற்றையும் அந்த ஆள் தலையில் கட்டிவிட்டுப் போகாமல், சில ரோபோக்கள் சொந்தக் கோளாறால் நின்றதையும் அறிக்கை சொன்னது. அந்த அக்கறை ஐன்ஸ்டீனுக்கு மட்டும் ஏன்? தரவரிசையில் முப்பத்தெட்டாவதாக இருக்கும் அணிக்கு ஒரு துண்டுச்சீட்டாவது கொடுக்கலாமே.

மூன்றாவது வாதத்தை மட்டும் நான் மதிக்கிறேன். விவரம் கொடுத்தால் அதை வைத்துக்கொண்டு மறு ஆட்டம் கேட்பார்கள் என்கிறார்கள். கேட்பவர்கள் இருக்கிறார்கள். பெரியவர்கள்தான். விதிப்படி கேள்வி கேட்க ஒரு மாணவர் மட்டுமே வரலாம், பார்வையாளர்கள் கொண்டுவரும் வீடியோவை அதிகாரிகள் பார்க்கமாட்டார்கள். இருந்தும் கேலரியிலிருந்து கைப்பேசியில் எடுத்த வீடியோவோடு இறங்கிவரும் அப்பாக்கள் உண்டு. நம்மாட்கள் இதில் சளைத்தவர்கள் இல்லை. மகன் பேச வேண்டிய இடத்தில் சீனியர் ஆர்க்கிடெக்ட் பேசுவார். இவர்களால்தான் அதிகாரிகள் வாயை இறுக்கிக்கொள்கிறார்கள் என்பதும் உண்மை. அதனால் மறு ஆட்ட விதியில் கை வைக்காதீர்கள். களத்தின் கோளாறு ஆட்டத்தின் முடிவைப் பாதித்தால் மட்டும் மறு ஆட்டம். உன் பிளக் ஆடினால் உன் பாடு. அந்த விதி நியாயமானது. நான் கேட்பது புள்ளியை இல்லை, காரணத்தை.

போன சீசனில் ஒரு சின்ன சீட்டுப் புத்தகம் அச்சடித்துக்கொண்டு போனேன். ஆட்ட எண், எத்தனையாவது நொடி, எந்த இணைப்பு, அப்போது எத்தனை வோல்ட். கடைசியில் 'தெரியவில்லை' என்று ஒரு கட்டம். சீட்டு மாணவர் கையில்தான் போக வேண்டும், வழிகாட்டி கையில் அல்ல. ஒரு போட்டியில் எஃப்டிஏ சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார்: ஒருத்தருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள். இன்னொரு போட்டியில் ஒரு பெண்மணி வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார். இரண்டு நாளில் அவர் கிழித்துக் கொடுத்தது இருபது சீட்டுக்குள். மூன்றில் 'தெரியவில்லை' கட்டத்தில் டிக் அடித்திருந்தார். சீட்டோடு பிட்டுக்கு வந்த பிள்ளைகள் நேராக அந்த வயரைத்தான் தொட்டார்கள். மறு ஆட்டம் ஒருவரும் கேட்கவில்லை.