கோழி அடையுற நேரம்

போன ஆடி மாதம் சிறுவிடைக் குஞ்சு இருபத்தைந்து வாங்கி வந்தேன். இன்குபேட்டரில் பொரித்தவை, ஐந்து வாரம் ஆனவை. கூடு புதுசு. மேலே தகரம், சுற்றிலும் கம்பிவலை, உள்ளே உட்கார சவுக்குக் கம்பு. வந்த அன்றைக்கே திறந்துவிட்டேன். பகலெல்லாம் கொய்யா மரத்தடியில் சீய்த்து மேய்ந்தன. கோழி அடையுற நேரம் வந்தால் தானாக உள்ளே போய்விடும் என்று இருந்தேன். சின்ன வயசில் வீட்டில் பார்த்தது அதுதானே?

ஒன்றுகூடப் போகவில்லை. மோட்டார் ரூம் சுவர் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டிக்கொண்டன. விரட்டினேன், சிதறி ஓடின. கையில் சிக்கியதைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டு, மிச்சத்தைச் சபித்துக்கொண்டே தூங்கப் போனேன். விடிந்து பார்த்தால் ஒன்பது குஞ்சைக் காணோம்.

"கீரி தூக்கிருக்கும்" என்றார்கள். கீரி பகல் திருடன். ராத்திரி வருவது மரநாய், பூனை, பெருச்சாளி. பக்கத்துத் தோட்டத்து அப்பத்தா அதைப் பற்றியெல்லாம் பேசவே இல்லை. "ஏய்யா, ஆத்தா இல்லாத குஞ்சு. கூடு இதுதான்னு அதுக்கு யாரு சொல்லிக்குடுத்தா?" என்று கேட்டது.

அந்தக் கேள்வியைத்தான் நாம் யாரும் கேட்பதில்லை. இருட்டினால் உயரத்தில் ஏறி உட்காரணும் என்பது காட்டுக்கோழி வழியில் ரத்தத்திலேயே வந்தது, சரி. ஆனால் எங்கே ஏறணும் என்பது பழக்கம். தாய்க்கோழி முதலில் சில வாரம் பஞ்சாரத்துக்குள் தரையில் படுத்து, குஞ்சுகளை இறக்கைக்குள் வைத்துக்கொள்கிறது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே கூட்டிப்போகிறது. மெஷின் குஞ்சு பிறந்ததிலிருந்து உமி பரப்பிய தரையையும் தலைக்கு மேலே பல்பையும்தான் பார்த்திருக்கிறது. அதற்கு ராத்திரி என்றால் கூடப்பிறந்ததோடு ஒட்டிக்கிடப்பது, அவ்வளவுதான். 2000ஆம் ஆண்டில் சுவீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வும் இதை ஒட்டியே சொல்கிறது. எட்டு வாரம் வரை உட்காரக் கம்பே இல்லாமல் வளர்ந்த குஞ்சுகள், பெரிதான பிறகும் உயரத்தில் வைத்த தீனியை எட்டத் திணறின.

நான் வங்கியில் இருந்தவன். கோழி வளர்க்கக் கடன் கேட்டு வந்த பெண்களின் திட்ட அறிக்கைகளில் கையெழுத்துப் போட்டவன். குஞ்சு விலை, தீவனம், தடுப்பூசி, கூடு எல்லாம் அதில் இருக்கும். கடைசியில் 'இறப்பு' என்று ஒரு சதவீதமும் இருக்கும். அது நோயில் போனதா, ராத்திரியில் போனதா என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. பத்துக் குஞ்சு செத்தால் அந்தப் பெண்ணுக்குக் கவனம் போதாது என்று பேசியிருக்கிறோம். நமக்கு இப்போது கேட்கத் தோன்றுகிறது: மாதக் குஞ்சு விற்கிறவர்களும் திட்டத்தில் கொடுக்கிறவர்களும் தடுப்பூசி அட்டையோடு முதல் பத்து ராத்திரிக்கான குறிப்பையும் ஏன் கொடுக்கக்கூடாது? பண்ணைக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர் கோழி வெளியே வருவதே இல்லை. பகலில் தோட்டத்துப் புழுபூச்சியைக் கோழி தின்னணும், பொழுது சாய்ந்தால் திரும்பி வரணும் என்று நினைக்கிற இயற்கை விவசாயிக்குத்தான் இது தலைபோகிற விஷயம்.

இப்போது நான் செய்வது இதுதான். குஞ்சு வந்தால் ஒரு வாரம் வெளியே விடுவதில்லை. தீனி, தண்ணி எல்லாம் கூட்டுக்குள்ளேதான். கம்பு தரையிலிருந்து ஓர் அடி உயரம் இருந்தால் போதும், பெருவிரலை விடக் கொஞ்சம் பருமனாக, முனை மழுங்கி இருக்கணும். மூலைகளில் அட்டையை வளைத்து வைத்துவிடுகிறேன். மூலை இருந்தால் குவியும், குவிந்தால் அடியில் கிடப்பது மூச்சுமுட்டிச் சாகும். எட்டாம் நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் வெளியே. அதுவும் வயிறு காலியாக இருக்கும்போது. அப்புறம் "பா... பா..." என்று கூப்பிட்டுக் கூட்டுக்குள்ளே கம்பும் குருணையும் தூவினால் ஓடி வரும். அந்தக் குரலும் தினமும் ஒரே ஆளுடையதாக இருந்தால் நல்லது.

முக்கியமானது வெளிச்சம். மங்கலில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. வெளியே தெருவிளக்கு எரிந்து கூடு இருட்டாகக் கிடந்தால் அது ஏன் உள்ளே போகும்? உள்ளே சின்ன பல்பு ஒன்றைப் போட்டு, எல்லாம் அடைந்து அரைமணி கழித்து அணைக்கிறேன். வெளியில் தங்கிவிட்டதை விரட்டவே கூடாது. நன்றாக இருட்டினால் அசையாமல் உட்கார்ந்திருக்கும். மெதுவாக இரண்டு கையாலும் தூக்கிக் கம்பில் வைக்கணும். நாலைந்து நாள் வைத்தால் போதும். வலைக்கண் அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம், பாம்பு நுழையும்.

இதைவிட எளிய வழியும் உண்டு. அடைக்கோழி இருக்கிற வீட்டில், பொரித்து ஓரிரு நாளான மெஷின் குஞ்சை ராத்திரி அதன் வயிற்றடியில் வைத்துவிட்டால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். தை மாதம் அப்பத்தாவிடம் ஓர் அடைக்கோழி வாங்கிப் பன்னிரண்டு குஞ்சு வைத்தேன். எனக்கு வேலையே இல்லை.

ஆடியில் ஆறே முக்கால் வரை பொழுது இருக்கிறது, கார்த்திகையில் ஆறுக்கு முன்பே போய்விடுகிறது. கடிகாரத்தை விட்டுவிட்டேன். எண்ணிப் பார்த்த பிறகுதான் கதவைச் சாத்துகிறேன். நேற்று ஒன்று குறைந்தது. டார்ச்சோடு தேடினால், வைக்கோல் படப்பு மேலே உட்கார்ந்திருந்தது.